ஹன்சாட்டில் கட்டிய சாய்தளம்

சிட்னிப் புறநகரான துங்காபியில் விக்னராஜாவின் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. நானே போய் எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். ஆனால் அவுஸ்திரேலியப் பாராளுமன்றத்தின் மேலவையான செனட் சபையின் பதிவேட்டின்படி அங்கே படிகள் இல்லை. சக்கர நாற்காலி இறங்குவதற்கு வசதியாக, இரண்டு பக்கமும் கைபிடி வைத்த சாய்தளம் ஒன்று இருக்கிறது. சபையில் பேசப்படுவதை எழுதிவைக்கும் அந்தப் பதிவேட்டுக்கு ஹன்சாட் என்று பெயர். ஹன்சாட்டும் ஒரு வாடகை வீட்டு வாசலும் முரண்படும்போது எதை நம்புவது என்பதில் அதிகாரிகளுக்குக் குழப்பமே வரவில்லை. வாசலை யாரும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யவில்லை அல்லவா.

விக்னராஜாவுக்கு எழுபத்திரண்டு வயது. ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். இங்கே வந்து பதினெட்டு வருடம் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் தட்டு அடுக்கினார். அரசாங்க முத்திரை விழுந்த கடிதம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கையை மட்டும் இரண்டு நாட்டிலும் அவர் விடவில்லை. மனைவி இரஞ்சிதத்துக்கு மூன்று வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கிழமைக்கு இரண்டு தரம் பயிற்சிக்குக் கூட்டி வந்தால் ஒரு வருடத்தில் கோலூன்றி நடக்கலாம், வராவிட்டால் இருக்கிற பலமும் போய்விடும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

கிழமைக்கு இரண்டு தரம் என்றால் போக ஆறு படி, வர ஆறு படி. விக்னராஜா நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, தன் நெஞ்சில் சாய்த்து, ஒவ்வொரு படியாகத் தொம் தொம் என்று இறக்குவார். அவருக்குக் குடலிறக்கம் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரஞ்சிதத்துக்குத் தெரியும், அவளும் தெரிந்ததாகச் சொல்லவில்லை. இரண்டு தரம் ஒரு தரமாகி, பிறகு மாதத்துக்கு ஒரு தரமானது.

ஒரு சாய்தளம் கட்டிக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாடகை வீடு. மூத்தோர் இல்லவசதித் திணைக்களம் தன் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கட்டினால் மட்டுமே சம்மதம் என்று வீட்டு முகவர் எழுதியே கொடுத்துவிட்டார். திணைக்களம் மனுவை ஏற்றுக்கொண்டு, காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தது. இடையில் விக்னராஜா ஒரு பலகையைப் படிமேல் சாய்த்து வைத்துப் பார்த்தார். மதிப்பீட்டுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துப் பதறிப்போய், பலகை ஆபத்தானது, உடனே எடுத்துவிடுங்கள் என்றார். படிகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பத்தொன்பது மாதம் கழித்து யாரோ சொன்ன யோசனையில் விக்னராஜா பரமட்டாவில் இருக்கும் செனட்டர் லயனல் பெக்வித்தின் அலுவலகத்துக்குப் போனார். பொதுநலம், நல்லாட்சி இரண்டையும் பற்றிச் சபையில் ஆக அதிகமாகப் பேசியவர் என்ற பெயர் செனட்டருக்கு இருந்தது. எத்தனை மணித்தியாலம் பேசினார் என்ற கணக்கு அலுவலகச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. அங்கே வேலை செய்த லக்சிகா எங்கள் தமிழ்ப் பிள்ளைதான், வெஸ்ற்மீட்டில் பிறந்து வளர்ந்தவள்.

“இருங்கோ அங்கிள். செனட்டர் செவன் மினிற்ஸ் தருவார். ஸ்ரோறியை மட்டும் சொல்லுங்கோ, ஓகே? அப்ளிகேஷன் நம்பர் எல்லாம் அவருக்கு வேண்டாம்.”

“நம்பர் இல்லாட்டி எப்பிடிப் பிள்ளை ஃபைலைத் தேடுறது?”

“அவர் ஃபைல் தேடமாட்டார் அங்கிள். அவர் லிசின் பண்ணுவார்.”

செனட்டர் உண்மையிலேயே நன்றாகக் கேட்டார். தலையைக் கொஞ்சம் சரித்து, புருவத்தைச் சுருக்கி, கையை விக்னராஜாவின் கைமேல் வைத்துக்கொண்டு கேட்டார். படிகள் மூன்று என்றதும், “மூன்று,” என்று மெதுவாகத் திருப்பிச் சொல்லி, அருகில் இருந்த தாளில் அந்த எண்ணை எழுதிச் சுற்றி வட்டம் போட்டார். எழுந்து வரும்போது விக்னராஜாவுக்குக் கண் கலங்கியிருந்தது. இந்த நாட்டில் பத்தொன்பது மாதத்தில் ஒருவர் முதல் தடவையாக முழுக்கக் கேட்டிருக்கிறார்.

அடுத்த கிழமை கன்பராவில் முதியோர் நலச் சட்டமூலம் விவாதத்துக்கு வந்தது. செனட்டர் எழுந்தார். லக்சிகா அனுப்பிய காணொளியை விக்னராஜா குசினி மேசையில் வைத்து இரஞ்சிதத்துக்குக் காட்டினார். நான் தமிழில் சொல்கிறேன், அழகு கொஞ்சம் குறையும்.

“தலைவர் அவர்களே, மூன்று படிகள். வெறும் மூன்று. ஆனால் அந்த மூன்று படிகளுக்கு மேலே ஒரு பெண்மணி உட்கார்ந்து இந்தத் தேசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு குடிமகனின் துயரத்தைக் கேட்பதற்கு அரசுக்கு எந்தச் செலவும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கேட்பதில் நாம் ஒருபோதும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. நான் திரு விக்னராஜா சொன்னதைக் கேட்டேன். அப்படிக் கேட்டதால் நான் ஒரு மேலான மனிதனாக இங்கே நிற்கிறேன்.”

சபையில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவர் கைப்பேசியில் இருந்தார், ஒருவர் உண்மையிலேயே தூங்கினார். மற்றவர்கள் “கேளுங்கள், கேளுங்கள்” என்று ஆமோதித்தார்கள்.

“எங்கட பேரைச் சரியாச் சொல்லிப்போட்டான்,” என்றார் விக்னராஜா.

“றாம்ப் எப்ப வருமாம்?” என்றாள் இரஞ்சிதம்.

“அதுதான் இப்ப பாராளுமன்றத்திலயே கதைச்சாச்சே.”

காணொளி வட்ஸ்அப் குழுக்களில் பரவியது. கன்பராவில் ஒலித்த தமிழர் பெயர் என்று தமிழ் மன்றம் விக்னராஜாவுக்குப் பொன்னாடை போர்த்தியது. இரஞ்சிதத்தால் விழாவுக்குப் போக முடியவில்லை. அன்றைக்கு மழை, படி ஈரம்.

அதற்குப் பிறகு விக்னராஜா செனட்டருக்கு ஒரு பழக்கமாகிவிட்டார். போக்குவரத்து விவாதத்தில் படிகள் ஒன்பதாகின. மின்சாரக் கட்டண விவாதத்தில் இரஞ்சிதம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். வீடமைப்பு விவாதத்தில் அந்த வீடு ஒற்றை அறையாகச் சுருங்கியது. பல்பண்பாட்டு விவாதத்தில் விக்னராஜா தன் பண்பாட்டின் பொறுமையை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கடற்றொழில் திருத்தச் சட்டமூலத்திலும் அவர் வந்தார். தீவொன்றில் பிறந்து, விடியலில் வலை இழுத்த கைகள் இன்று ஒரு நாற்காலியை இழுக்கின்றன என்று செனட்டர் சொன்னபோது எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். விக்னராஜா தீவுக்காரர் அல்ல, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்காரர். கடலுக்குள் கால் வைத்தால் சளி பிடிக்கும்.

திணைக்களத்துக் காத்திருப்புப் பட்டியலில் மட்டும் அவருடைய இலக்கம் அசையவில்லை. நானூற்றுப் பதினொன்று.

இனி நடந்தது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. தைமாதக் கடைசி ஞாயிறு, தமிழ் மன்றத்துப் பொங்கல் விழா. செனட்டர் பிரதம விருந்தினர். பட்டு வேட்டி கட்டி, சம்பங்கி மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் வைத்து அவரை மண்டபத்தின் நடுவே நிறுத்தியிருந்தார்கள். மன்றத் தலைவர் விக்னராஜாவைக் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்துவந்தார். முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செனட்டர் அவருடைய இரண்டு கையையும் பற்றிக்கொண்டு, ஒலிவாங்கியில் கேட்டார்:

“சொல்லுங்கள் திரு விக்னராஜா, உங்கள் வீட்டுச் சாய்தளம் எப்படி இருக்கிறது?”

ஊரில் பெரிய மனிதர் ஒருவர் வாசலில் நின்று எப்படி என்று கேட்டால், நல்லம் சேர் என்பதுதான் பதில். பின்வளவு எரிந்துகொண்டிருந்தாலும் நல்லம் சேர்தான். அவர் போன பிறகு தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். விக்னராஜா எழுபத்திரண்டு வருடம் அப்படித்தான் வாழ்ந்தவர்.

“வெறி குட் சேர்,” என்று கையெடுத்துக் கும்பிட்டார். “தாங்க் யூ சேர்.”

முந்நூறு பேரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது இரஞ்சிதம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். “இல்லாத றாம்பை நல்லம் எண்டு ஏன் சொன்னியள்?”

“மாலையும் கழுத்துமா நிக்கிற மனுசனிட்டை, அத்தினை சனத்துக்கு முன்னால, நீ ஒண்டும் செய்யேல்லை எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?”

“அந்தாளுக்கு முகம் கோணக் கூடாது. என்ர கால் கோணினாப் பரவாயில்லை.”

விக்னராஜா அவளுடைய இடது காலைத் தூக்கி வாங்குப் பலகையில் வைத்து, மருந்தெண்ணெயைத் தேய்த்தார்.

பெப்ரவரியில் சபை கூடியது. நல்லாட்சியின் பலன்கள் பற்றிய விவாதம். செனட்டர் எழுந்தார்.

“தலைவர் அவர்களே, அந்த மூன்று படிகள் இன்று இல்லை. திரு விக்னராஜா தன் வாயாலேயே, தன் சமூகத்தின் முன்னிலையில், என் கையைப் பிடித்துச் சொன்னார். சாய்தளம் மிக நன்றாக இருக்கிறது என்று. இந்த அவையில் நான் இதைப் பற்றிப் பதினொரு தடவை பேசினேன். பேச்சால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் துங்காபிக்குப் போய்ப் பாருங்கள். சீமெந்தாலும் இரும்பாலும் சாய்தளம் கட்டலாம். ஆனால் அதை முதலில் கட்டுவது பேச்சு.”

ஒருவரும் துங்காபிக்கு வரவில்லை. பத்து நாளில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தது. முத்திரை விழுந்த கடிதம். உங்கள் தேவை வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டதையிட்டு மகிழ்கிறோம், உங்கள் மனுக் கோவை மூடப்பட்டது, உங்கள் இடம் இன்னொரு குடும்பத்துக்கு வழங்கப்பட்டது.

விக்னராஜா தொலைபேசியில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் அதிகாரி கிடைத்தார். மிகவும் இனிமையாகப் பேசும் பெண்.

“சாய்தளம் கட்டவில்லை அம்மா,” என்றார் விக்னராஜா.

“ஹன்சாட்டில் இருக்கிறதே, ஐயா. உங்கள் பெயரும் இருக்கிறது.”

“வந்து பாருங்கள்.”

“திறந்திருக்கும் கோவைகளுக்குத்தான் வந்து பார்ப்போம். உங்களுடையது மூடிய கோவை.”

“அதைத் திறப்பதற்கு என்ன செய்ய வேண்டும்?”

“இருந்த சாய்தளம் அகற்றப்பட்டது என்ற சான்றிதழ் வேண்டும். யார் அகற்றினார், எந்தத் திகதியில், என்ன காரணம் என்று நிரப்பி அனுப்பினால் புது மனுவாக எடுத்துக்கொள்வோம்.”

“இல்லாததை எப்படி அகற்றுவது?”

“அது உங்கள் முடிவு, ஐயா,” என்றார் அதிகாரி. மேலும் ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார். விக்னராஜா வேண்டாம், நன்றி என்றார்.

அந்தப் படிவத்தில் ஒரு பொய்த் திகதியைப் போட்டு அனுப்பியிருக்கலாம். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். தபாற்கந்தோர்க்காரர் அனுப்பமாட்டார். அவர் மறுபடி பரமட்டாவுக்குப் போனார்.

லக்சிகா கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “அங்கிள், செனட்டர் எழும்பி, நான் சொன்னது பிழை எண்டு சபையில சொன்னால்தான் றெக்கோட்டை மாத்தலாம். சபையைத் தவறா வழிநடத்தினது எண்டு பெரிய இஷ்யூ ஆக்கிப்போடுவினம். றிசைன் பண்ணச் சொல்லுவினம். எலக்ஷன் வருது.”

“மூண்டு படி கிடக்கு எண்டு சொல்லத்தானே பிள்ளை கேக்கிறன்.”

“எனக்கு விளங்குது அங்கிள். அன்ரியை நினைச்சா எனக்கும் கவலைதான். பட் இப்பிடிச் செய்வமா? றாம்ப் இருக்கு, பழுதாப்போட்டுது எண்டு றிப்பெயருக்குப் போடுவம். திருத்த வாறவை வந்து பாத்தா அவைக்கே தெரியும் தானே.”

பொய் சொல்லுவது லக்சிகா, படிவம் லக்சிகாவுடையது என்பதால் விக்னராஜா ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார். அதுவும் ஒரு மரியாதைதான்.

மூன்று கிழமையில் திருத்த வேலைக்காரர் வான் வண்டியில் வந்து இறங்கினார். பெயர் பிரதீப்குமார், திருச்சிக்காரர். வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தார். வீட்டைச் சுற்றிப் பின்பக்கமும் போய் வந்தார்.

“சார், ரேம்ப் ரிப்பேர்னு வேலை வந்துருக்கு. ரேம்ப் எங்க சார்?”

“அப்பிடி ஒண்டு இல்லைத் தம்பி. அதுதான் பழுது.”

பிரதீப்குமார் நல்ல மனிதர். தலையைச் சொறிந்துகொண்டு முழுக் கதையையும் நின்று கேட்டார். பிறகு கையிலிருந்த கருவித் திரையைக் காட்டினார். “இதுல ரெண்டே ரெண்டு கட்டம்தான் சார். குறை இருக்கு, குறை இல்ல. எதையாவது டிக் பண்ணாம அடுத்த பக்கம் போகாது. இல்லாத ரேம்ப்புல குறை இருக்குன்னு எப்படி சார் போடுறது? நாளைக்கு என் லைசென்ஸ் போயிடும்.”

குறை எதுவும் காணப்படவில்லை என்று அறிக்கை போனது. சாய்தளம் இருப்பதற்கு இப்போது இரண்டு சாட்சிகள். ஒன்று பாராளுமன்றம், மற்றது தகுதிபெற்ற ஒப்பந்தக்காரர்.

ஏப்ரலில் ஓர் அழைப்பு வந்தது. பொதுநலத் திட்டங்களின் வெற்றிகள் பற்றிய செனட் விசாரணைக் குழு சிட்னி நகரத்தில் கூடுகிறது. குழுவின் தலைவர் செனட்டர் பெக்வித். பயனடைந்தவராக விக்னராஜா சாட்சி சொல்ல வேண்டும். நான்கு நிமிடம்.

இந்த முறை சொல்லிவிடுவது என்று விக்னராஜா தீர்மானித்தார். தாடி வழிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சேர், தெயர் இஸ் நோ றாம்ப்.” முதல் நாள் சேர் இல்லாமல் சொல்லிப் பார்த்தார், முடியவில்லை. சேரை மறுபடி போட்டுக்கொண்டார்.

“என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ,” என்றாள் இரஞ்சிதம். “உங்களை நம்பேலாது. அந்தாள் கையைப் பிடிச்சால் நீங்கள் நல்லம் எண்டுதான் சொல்லுவியள். நான் பக்கத்தில இருந்தால் கண்ணால பாப்பினம்.”

அன்று காலை அவளுக்கு மயில்கழுத்து நிறச் சேலை உடுத்திவிட்டார். டாக்ஸி வாசலில் நின்றது. நாற்காலியைப் பின்பக்கம் திருப்பினார், நெஞ்சில் சாய்த்தார், முதற்படி இறங்கினார். இரண்டாம் படியில் அவருடைய அடிவயிற்றில் சுரீர் என்று பிடித்தது. கை தளர்ந்தது. நாற்காலியோடு இரஞ்சிதம் அவர்மேல் சரிந்து, அவரைத் தாண்டி, சீமெந்து நடைபாதையில் விழுந்தாள். அவளுடைய இடுப்பெலும்பு முறிந்த சத்தம் தனக்குக் கேட்டதாக விக்னராஜா பிறகு என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணை குறித்த நேரத்துக்கு நடந்தது. செனட் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குப் பேச நேரமில்லாவிட்டால், அவர் பேச இருந்ததை, பேசியதாகவே வைத்துக்கொண்டு ஹன்சாட்டில் சேர்த்துவிடலாம். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் போதும். விக்னராஜா உட்கார வேண்டிய கதிரை வெறுமையாக இருந்தது. அவருடைய சாட்சியம் மூன்று பக்கத்தில் அலுவலகத்தில் ஏற்கனவே தட்டச்சாகியிருந்தது. ஆட்சேபம் இல்லை. அம்புலன்ஸில் இரஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போன அதே நேரத்தில், விக்னராஜா குழுவின் முன்னால் தன் சாய்தளத்தைப் பற்றி உணர்ச்சியோடு பேசினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி படிவம் நிரப்பினாள். எங்கே விழுந்தார்? படியில். அவள் கணினியைப் பார்த்தாள். “இந்த முகவரியில் படி இல்லையே. சாய்தளம் என்று இருக்கிறது.” விக்னராஜா அதற்குள் வலி மாத்திரை மயக்கத்தில் இருந்தார், குடலிறக்கத்துக்கு அவரையும் ஒரு கட்டிலில் போட்டிருந்தார்கள். தாதி சிறிது யோசித்து, சாய்தளத்தில் விழுந்தார் என்று எழுதினாள். அவள்மீது குற்றமில்லை. மற்றக் கட்டம் திறக்கவில்லை.

நான்காம் நாள் செனட்டர் பூங்கொத்தோடு வந்தார். லக்சிகா பின்னால் நின்றாள், அவளுக்குக் கண் வீங்கியிருந்தது. படம் எடுப்பவரும் வந்திருந்தார். இரஞ்சிதம் கட்டிலில், விக்னராஜா பக்கத்துக் கதிரையில்.

“திரு விக்னராஜா,” என்று செனட்டர் அவருடைய கைகளைப் பற்றினார், “எப்படி இருக்கிறீர்கள்?”

விக்னராஜாவின் வாய் ‘வெறி’ என்று தொடங்கியது. இரஞ்சிதம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாடி வழிக்கும்போது சொல்லிப் பழகிய வசனம் வெளியே வந்தது, கொஞ்சம் சத்தமாகவே.

“சேர், தெயர் இஸ் நோ றாம்ப்.”

செனட்டரின் கண்கள் பனித்தன. “ஆம்,” என்றார். “ஆம் நண்பரே. இப்படியொரு வீழ்ச்சிக்குப் பிறகு, அதை ஒரு சாய்தளம் என்று யாரால்தான் சொல்ல முடியும்?”

“சேர், படி—”

“எனக்குப் புரிகிறது.”

இரஞ்சிதம் தலையணையிலிருந்து லக்சிகாவைக் கூப்பிட்டாள். “பிள்ளை, நான் சொல்லுறதை அந்தாளுக்குச் சொல்லு. றாம்ப் பார்லிமெந்திலதானே கட்டிக்கிடக்கு. என்னையும் அங்கயே கொண்டுபோய் இறக்கிவிடட்டாம். நான் அதில ஏறி இறங்கி நடந்து பழகுறன்.”

எல்லோரும் லக்சிகாவைப் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தாள். “அன்ரி ஒருநாள் பாராளுமன்றத்துக்கு வர விரும்புகிறார்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

செனட்டர் நெகிழ்ந்துபோனார். பார்வையாளர் மாடத்தில் இரஞ்சிதத்துக்கு எப்போதும் ஓர் இடம் இருக்கும் என்றார். மாடத்துக்குப் போக மின்தூக்கி இருக்கிறது என்றும் சொன்னார்.

அடுத்த அமர்வில் அவர் எழுந்தபோது, அவருடைய வாழ்நாளின் ஆகச் சிறந்த பேச்சு அதுதான் என்று பத்திரிகைகள் எழுதின.

“தலைவர் அவர்களே, நான் தவறு செய்துவிட்டேன்.” அவை நிமிர்ந்தது. “சாய்தளங்களை நான் நம்பிவிட்டேன். இரஞ்சிதம் என்ற பெண்மணி இன்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் விழுந்தது படியில் அல்ல, சாய்தளத்தில். நாம் கட்டிக் கொடுத்த சாய்தளத்தில். ஆகவே இந்தத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் கட்டப்படவிருக்கும் எல்லாச் சாய்தளங்களையும், பாதுகாப்பு மீளாய்வு முடியும்வரை நிறுத்திவைக்கும்படி கோருகிறேன். ஆய்வு முடிய எத்தனை வருடம் ஆனாலும் நாம் காத்திருப்போம். மூத்தோரின் பாதுகாப்பில் அவசரம் கூடாது.”

தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது. பட்டியலில் இருந்த நாலாயிரத்துச் சொச்சம் வாசல்களும் அப்படியே நின்றன. அந்த வீட்டுக்காரர்களில் பலர் விக்னராஜாவின் பெயரைச் செய்தியில் பார்த்துத் திட்டினார்கள். மன்றத்தில் பொன்னாடை போர்த்திய அதே தலைவர், கிடைத்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஆள் என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த வடையைத் தின்னாமல் வந்துவிட்டேன். வேறென்ன செய்தேன்? நானும் ஒன்றும் செய்யவில்லை.

ஆறு கிழமை கழித்து இரஞ்சிதத்தை வீட்டுக்கு விட்டார்கள். வீட்டில் சாய்தளம் இருப்பதால் போவது பாதுகாப்பானது என்று விடுகைக் கடிதத்தில் இருந்தது. இனி எழுந்து நடப்பதைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று வைத்தியர் தனியாகச் சொல்லி அனுப்பினார்.

நோயாளர் வண்டிக்காரர்கள் அவளை நாற்காலியோடு இறக்கி, வாசல்வரை தள்ளி வந்தார்கள். மூன்று படியையும் பார்த்தார்கள். தங்கள் தாளைப் பார்த்தார்கள். சாய்தளம் உள்ள முகவரிகளில் நோயாளியைத் தூக்குவதற்குத் தங்களுக்கு அனுமதி இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அப்போது அங்கே இன்னொரு வான் வந்து நின்றது. பிரதீப்குமார் இறங்கினார். அவருடைய முகம் தொங்கிப்போயிருந்தது.

“மன்னிச்சுக்கோங்க சார். ரேம்ப்ப கழட்டிட்டு வரச் சொல்லி அனுப்பிருக்காங்க. சேஃப்டி.”

மூவரும் வாசலைப் பார்த்தார்கள். பிரதீப்குமார் கருவியில் நாலைந்து இடம் தட்டினார். படம் ஒன்று எடுத்தார். படியோடுதான் எடுத்தார். வானுக்குள் இருந்த சின்ன அச்சு இயந்திரம் ஒரு தாளை வெளியே தள்ளியது.

“சாய்தளம் அகற்றப்பட்டது. இந்த முகவரியில் தற்போது சாய்தளம் எதுவும் இல்லை.” கீழே முத்திரை.

விக்னராஜா தாளை இரஞ்சிதத்தின் முகத்துக்கு நேரே பிடித்தார். “இரஞ்சிதம், இஞ்ச பார். இந்தக் கடிதத்தைத்தான் அவை கேட்டவை. இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் திரும்ப மனுப் போடலாம்.” எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. முத்திரையும் இருக்கிறது.

“போடலாம் சார்,” என்றார் பிரதீப்குமார். “ஆனா இப்ப யாருக்கும் கட்ட மாட்டாங்க சார். ரிவ்யூ முடியணும். நாலு வருசம் ஆகும்னு பேசிக்கிறாங்க.”

விக்னராஜா தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சூரியன் இரஞ்சிதத்தின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிகளுக்கு மேலே சாத்தியிருந்த தன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடைசியா ஒரே ஒரு கேள்வி சார், கேக்காம விடாது இது,” என்றார் பிரதீப்குமார், திரையைப் பார்த்தபடி. “எங்க சேவை எப்படி இருந்துச்சு?”

விக்னராஜா தன்னையறியாமல் இரண்டு கையையும் கூப்பினார். “வெறி—”

இரஞ்சிதத்தின் நல்ல கை, வலது கை, அவருடைய மணிக்கட்டை எட்டிப் பிடித்தது.

“வாயைப் பொத்துங்கோ,” என்றாள். “முதல்ல என்னைத் தூக்குங்கோ.”